சேற்றில் சிக்கிய பிக்கப்பை எங்கே கட்டி இழுப்பது: சேஸிஸில் இழுவைத் தகடு மாட்டிய அனுபவம்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் டெல்டா பக்கத்தில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை நிச்சயம். ஒன்று, நாம் யாரையாவது சேற்றிலிருந்து இழுப்போம். இல்லாவிட்டால் யாராவது நம்மை இழுப்பார்கள். இழுக்கும் முறையும் ஊருக்கு ஊர் ஒன்றுதான். டிராக்டர் வரும், கூடவே இரும்புச் சங்கிலியோ வயர் ரோப்போ வரும். கொக்கி எங்கே மாட்ட வசதியோ அங்கே மாட்டி, "இழு" என்பார்கள். பெரும்பாலும் வண்டி வந்துவிடும். வராத அன்றைக்கு எது பிய்த்துக்கொண்டு பறக்கும், யார் மேல் வந்து விழும் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. சங்கிலிக் கொக்கி ஒன்று கழன்று, ஒரு லோடு வண்டியின் முன்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஓட்டுநர் இருக்கையில் அப்போது ஆள் இல்லை.

என் வண்டி இரட்டைக் கேபின், நாலு சக்கர இயக்கம். இசுஸு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ், பொலேரோ பிக்கப் எல்லாவற்றிலும் இருப்பது போல இதற்கும் அடியில் ஏணி போன்ற சேஸிஸ். இரண்டு நீளத் தண்டு, நடுவே குறுக்குச் சட்டம். அதனால் உறுதியாக எதையாவது மாட்ட இடம் உண்டு. இதன் முன்பக்கம் இரண்டு இழுவைத் தகடும் (கட்டி இழுக்கத் துளை போட்ட கனமான இரும்புத் தகடு), பின்பக்கம் ஒரு இழுவைப் பிடியும் போட்டேன். செய்த விதத்தையும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முன் பம்பருக்கு அடியில் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி போன்ற ஒன்று. பார்த்தால் இதில்தான் கட்ட வேண்டும் என்று தோன்றும். ஆனால் பல வண்டிகளில் இந்த மாதிரிக் கொக்கி கப்பலிலும் டிரெய்லரிலும் ஏற்றும்போது வண்டி ஆடாமல் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டத்தான். கீழே இழுத்துப் பிடிக்கும் விசை வேறு, சேற்றில் புதைந்த வண்டியை முன்னால் வெடுக்கென்று இழுக்கும் விசை வேறு. சில வண்டிகளில் திருகி மாட்டும் இழுவைக் கண் ஒன்றை டூல் பையில் கொடுப்பார்கள். அது நின்றுபோன வண்டியை நல்ல சாலையில் மெதுவாக, நேராக இழுத்துப் போக. இரண்டையும் சேற்று வேலைக்கு நம்பக்கூடாது. உங்கள் வண்டியின் கையேட்டில் எது எதற்கு என்று எழுதியிருக்கும். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருந்தால் அதில் இழுவை பெல்ட்டை (நீண்டு கொடுக்கும் பட்டையான நாடா) மாட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த உருண்டை, உருளும் டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது. வெட்டி இழுக்கும்போது, அதாவது தளர்வு விட்டு ஓடி வந்து வெடுக்கென்று இழுக்கும்போது, அதன் கழுத்து முறிந்தால், நீண்டிருக்கும் பெல்ட் அதைக் குண்டு போல வீசும். ஆஸ்திரேலியாவில் இப்படி முறிந்த உருண்டை பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே சேற்றிலும் மணலிலும் நாலு சக்கர இயக்க வண்டி ஓட்டக் கற்பவருக்குச் சொல்லும் முதல் பாடங்களில் இது ஒன்று. நம் ஊரிலும் அப்படி ஆக வேண்டும்.

எவ்வளவு விசை வரும்?

தகடு எவ்வளவு கனம் வேண்டும் என்று தெரிய, விசை தெரிய வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சக்கர அளவுக்குப் புதைந்திருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல இரண்டு மடங்கு, கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 2.2 டன் வரும் பிக்கப் மட்கார்டு வரை இறங்கிவிட்டால், மெதுவாக இழுத்தாலே 4.4 டன். நம் களிமண்ணில் மட்கார்டு வரை இறங்குவது அபூர்வமில்லை.

இது மெதுவாக இழுத்தால். ஓடி வந்து வெட்டி இழுத்தால் கணக்கே மாறிவிடும். 2 டன் வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,700 ஜூல். சிக்கிய வண்டி அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரும்புச் சங்கிலி கொடுக்கும் நெகிழ்ச்சியும் சேஸிஸ் கொடுக்கும் நெகிழ்ச்சியும் சேர்ந்து 10 செ.மீ. என்றால், உச்ச விசை கணக்குப்படி 15 டன்னைத் தாண்டுகிறது. அதற்கு முன்பே ஏதோ ஒன்று அறுந்திருக்கும். அதே இடத்தில் 9 மீட்டர் நீளமும் 8 டன் அறுவிசையும் உள்ள நைலான் இழுவை பெல்ட் இருந்தால், அது 60 செ.மீ. போல நீண்டு கொடுக்கும், உச்ச விசை இரண்டரை டன்னைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். வேகத்தை 20 கி.மீ. ஆக்கினால் ஆற்றல் நாலு மடங்கு. ஆகையால் சங்கிலி, வயர் ரோப் இரண்டையும் வெட்டி இழுக்கும் வேலையிலிருந்து நான் முழுக்க விலக்கிவிட்டேன். சங்கிலி மெதுவாக, இறுக்கமாக வைத்து இழுக்க மட்டும்.

தகடு

தகட்டுக்கு 12 மி.மீ. கனத்தில் ஐஎஸ் 2062 பிளேட் எடுத்தேன். சாதாரணமாகக் கட்டுமானத்துக்குப் பயன்படும் இரும்புதான். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை தாங்கி, அதற்குப் பிறகே நிரந்தரமாக வளையத் தொடங்கும் ரகம். முதலில் அட்டையில் வடிவம் வெட்டி சேஸிஸ் தண்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த அட்டை வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். ஸ்டியரிங் ராட், ரேடியேட்டர் ஹோஸ், ஸ்டெபிலைசர் பார் எதிலும் இடிக்காமல், பம்பருக்குக் கீழே தகட்டின் நுனி மட்டும் தெரியும்படி வர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, தண்டின் முன்நுனி மோதலில் மடங்கிக் கொடுக்கும்படி வடிவமைத்த பகுதி. அதை இரண்டு பக்கமும் சேர்த்துக் கனமான சட்டத்தால் கட்டிவிட்டால் மோதலின் அடி நேராக உள்ளே வரும், ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். அதனால் தகட்டைப் பக்கவாட்டில், மடங்கும் பகுதிக்குப் பின்னால் இருக்கும் துளைகளில் மட்டும் பிடித்தேன். முன்னால் பெரிய இரும்பு பம்பர் போட்டு அதில் கொக்கி வைக்கலாமே என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். அப்படிப்பட்ட பம்பர்களை அகற்றும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அவை முரண் என்பது காரணம். நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே அந்தத் தடை நியாயம் என்று புரியும்.

சேஸிஸில் புதுத் துளை போடவில்லை. தண்டின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும்தான் வளைவின் இறுக்கம் அதிகம். அங்கே துளை போட்டால் விரிசல் தொடங்கும் இடத்தை நாமே உண்டாக்கிக் கொடுப்பதாகிவிடும். வெல்டிங்கும் வைக்கவில்லை. சேஸிஸ் இரும்பு பதப்படுத்திய ரகமாக இருந்தால், வெல்டிங் சூட்டில் ஓரம் பதம் இழந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் ஏற்கெனவே மூன்று துளை இருந்தன. இரண்டில் உள்ளே நட்டு வைத்தே வந்திருக்கிறது, ஒன்று வெறும் துளை.

வெறும் துளையில் போல்ட்டை அப்படியே ஊடுருவ விட்டு இறுக்கினால் பெட்டி வடிவத் தண்டு அமுங்கிவிடும். இறுக்கமும் நிற்காது. அதனால் உள்ளே தண்டின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கனமான பைப் துண்டு ஒன்றை நுழைத்து அதற்குள் போல்ட்டை விட்டேன். லேத்தில் இரண்டு முகமும் சதுரமாகக் கடைந்தது. இந்தத் துண்டு இல்லாமல் மாட்டிய தகடுகளை மற்ற வண்டிகளில் பார்த்திருக்கிறேன். போல்ட்டைச் சுற்றித் தண்டு குழிந்திருக்கும்.

போல்ட் விஷயத்தில் நிதானம் வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் அறுவிசை. அடுத்தது, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று அர்த்தம். தலையில் எதுவும் இல்லாத சாதா போல்ட் பெரும்பாலும் 4.6 ரகம், பாதி பலம்தான். 12 மி.மீ. 8.8 போல்ட்டின் பல் பகுதி குறுக்குப் பரப்பு 84 சதுர மி.மீ., அறுபட ஏறத்தாழ 6.8 டன். பக்கவாட்டில் வெட்டுப்பட அதில் 60 சதவீதம் போதும் என்று கணக்கு வைத்தால் 4 டன். மூன்று போல்ட் என்றால் ஒரு தகட்டுக்கு 12 டன். ஆனால் ஷேக்கிள் (பெல்ட்டைத் தகட்டோடு இணைக்கும், குறுக்கே பின் திருகிய இரும்பு வளையம்) மாட்டும் துளை போல்ட் வரிசைக்குக் கீழே இருப்பதால் தகடு நெம்பும், சுமை மூன்றுக்கும் சமமாகப் போகாது. அதனால் 12 டன்னில் பாதிக்கு மேல் நம்ப நான் தயாரில்லை. துளையை முன்னே அதிகம் நீட்டாமல் வைத்ததும் இதனால்தான்.

இன்னொன்று பல் இடைவெளி. ஜப்பானிய வண்டிகளில் 12 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 பிட்ச் சகஜம். கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவது 1.75 பிட்ச். ஏறாததை ஸ்பேனரால் திணித்தால் உள்ளே இருக்கும் நட்டின் பல் போய்விடும், அதை மாற்ற தண்டைத் திறக்க வழியில்லை. கையாலேயே நாலைந்து சுற்று தடையில்லாமல் ஏறினால்தான் அது சரியான போல்ட். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 80 நியூட்டன் மீட்டரையொட்டி வைத்தேன். முடித்ததும் போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கு மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. போல்ட் திரும்பியிருந்தால் கோடு விலகிக் காட்டிவிடும்.

ஷேக்கிளுக்கு 4.75 டன் வேலைச்சுமை பொறித்த வில் வடிவ ரகம். அதன் குறுக்குப் பின் 22 மி.மீ. வரும், அதனால் துளை 24 மி.மீ. துளையைக் கேஸ் கட்டரில் போட வேண்டாம் என்று லேத் அண்ணனிடம் சொன்னேன். "டிரில் போட்டாத்தான் ஓரம் சுத்தமா வரும், நீங்க சொல்லாட்டியும் அப்படித்தான் போட்டிருப்பேன் தம்பி" என்றார். துளையின் ஓரத்திலிருந்து தகட்டு நுனி வரை 30 மி.மீ. இரும்பு விட்டிருக்கிறது. அந்த இரும்பு கிழிந்து வெளியே வர, வளையும் எல்லைக் கணக்கிலேயே 11 டன் போல வேண்டும். வெளி ஓரங்களை எல்லாம் கிரைண்டரில் உருட்டிவிட்டு, ரெட் ஆக்சைடு, அதன் மேல் கறுப்பு எனாமல்.

எந்த ஷேக்கிள் வாங்கினாலும் உடலில் எடை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக, எதுவும் எழுதாமல் தொங்குவது அலங்காரத்துக்கு. பொறித்த எடை வேலைச்சுமை. நல்ல தயாரிப்பில் அறுவிசை அதைப் போல ஆறு மடங்கு வரை இருக்கும். பின்னைக் கையால் முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துவது என் வழக்கம். சுமை ஏறி இறங்கினால் பின் சிக்கிக்கொள்ளாது.

பின்பக்கம் சுலபம். சேஸிஸோடு பிடித்த 50 மி.மீ. சதுரக் குழாய் ஹிட்ச் ஏற்கெனவே இருந்தது. உருண்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குழாய்க்குள் நுழையும் ஷேக்கிள் கட்டை போட்டேன். பெல்ட் கண்ணைக் குழாய்க்குள் விட்டு ஹிட்ச் பின்னை மட்டும் ஊடுருவி இழுக்கும் வழியும் உண்டு, ஆனால் பின் நடுவில் வளைந்தால் வெளியே எடுக்க முடியாது.

பெல்ட், கயிறு, டிராக்டர்

முன்னால் இரண்டு தகடு இருப்பதற்குக் காரணம், ஒன்றை மட்டும் இழுத்தால் சேஸிஸ் ஒரு பக்கமாகக் கோணும். அதனால் இரண்டையும் சேர்க்கும் பாலப் பெல்ட் போட்டு, நடுவில் இழுவை பெல்ட்டை மாட்டுகிறேன். இதில் பெல்ட்டின் நீளம் முக்கியம். தகடுகளுக்கு நடுவே 80 செ.மீ. இருக்க, 3 மீட்டர் பாலப் பெல்ட் போட்டால் பெல்ட்டின் ஒவ்வொரு பக்கக் காலிலும் மொத்த விசையில் பாதியைச் சற்றுத் தாண்டும். குட்டையாகப் போட்டு இரண்டு காலுக்கும் நடுவே 120 டிகிரி வந்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழு விசையையும் சுமக்கும். இரண்டு தகடு போட்டு ஒரு பயனும் இல்லை.

பாலப் பெல்ட்டுக்குக் கிரேன் வேலைக்கு வரும் பாலியெஸ்டர் பெல்ட்டே நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நிறமே சுமையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. அறுவிசை அதைப் போல ஏழு மடங்கு வைத்துச் செய்கிறார்கள். மஞ்சள் போதும். ஆனால் இது நீளாது, அதனால் வெட்டி இழுக்கும் பெல்ட்டுக்குப் பதிலாக இதைப் போடக்கூடாது. வெட்டி இழுக்கும் பெல்ட் நைலானாக இருக்க வேண்டும், இரண்டு வண்டியில் எடை குறைந்ததன் முழு எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு அறுவிசை. அதைவிடப் பலமாக எடுத்தால் அது நீளாமல் சங்கிலி மாதிரி நடந்துகொள்ளும். பெரிது நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

இரண்டு பெல்ட்டை இணைக்க நேர்ந்தால் நடுவில் இரும்பு ஷேக்கிள் போடக்கூடாது. ஒரு பெல்ட் அறுந்தாலும் அந்த இரும்பு ஆளைத் தேடி வரும். ஒரு கண்ணுக்குள் மற்றதைக் கோத்து, நடுவே சுருட்டிய செய்தித்தாளை வைத்தால் முடிச்சு இறுகாது, பிறகு பிரிக்கலாம். இப்போது கயிற்றால் முடைந்த மென் ஷேக்கிளும் கிடைக்கிறது. எடை மிகக் குறைவு, பறந்தாலும் ஆபத்து குறைவு. கூரான தகட்டு விளிம்பில் மட்டும் அதை மாட்டாதீர்கள், அறுத்துவிடும்.

டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் கீழே இருக்கும் டிராபாரில்தான் கட்ட வேண்டும். வசதியாக இருக்கிறதே என்று மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினால், இழுவிசை பின் அச்சுக்கு மேலே போய்விடும். சிக்கிய வண்டி அசையாமல் இருக்க, டிராக்டர் முன் சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது. இதை டிராக்டர்காரரிடம் சொல்லச் சங்கடப்படாதீர்கள். "அண்ணே, கீழே மாட்டிக்கலாம்" என்றால் யாரும் கோபிப்பதில்லை.

மண்வெட்டியையும் மறக்கக்கூடாது. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி ஒரு சாய்வு ஏற்படுத்தினாலே தேவைப்படும் விசை கணிசமாக விழும். மேலே சொன்ன ராணுவக் கணக்கைத் திருப்பிப் படித்தால் அதுதான் அர்த்தம்: மட்கார்டு ஆழத்தைச் சக்கர ஆழமாக்கினால் விசை பாதி.

சோதனை

மாட்டியதும் நேராகச் சேற்றில் போய்ச் சோதிக்கவில்லை. தோப்பில் இரண்டு புளியமரத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தி, பின் ஹிட்ச்சை ஒரு மரத்திலும், முன் தகடு ஒன்றை 3 டன் புல்லிஃப்ட் (லீவரைத் தள்ளித் தள்ளிச் சங்கிலியை இறுக்கும் கருவி) வழியாக மற்றொரு மரத்திலும் கட்டினேன். மரப்பட்டை காயப்படாமல் அகலமான பெல்ட். நடுவில் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்த தொங்கு தராசு. பெல்ட்டின் மேல் ஈரச் சாக்கு இரண்டு போட்டது, ஏதாவது அறுந்தால் அதன் வேகத்தைத் தரையோடு அமுக்க. புல்லிஃப்ட் மரத்தோடு ஒட்டி இருந்ததால் மரத்தின் பின்பக்கம் நின்றே லீவரைத் தள்ள முடிந்தது. வண்டியில் யாரையும் உட்கார விடவில்லை.

ஒரு டன், இரண்டு டன், மூன்று டன் என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பார்த்தேன். பிறகு அடுத்த தகடு. மஞ்சள் கோடுகள் விலகவில்லை, தகட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது வளைவு இல்லை, துளை முட்டை வடிவம் ஆகவில்லை. பின் ஹிட்ச்சும் அதே சோதனையிலேயே முடிந்தது. மூன்று டன் நின்றதால் ஆறு டன் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் மேலே சொன்ன கணக்கும், வேகத்தைக் குறைத்து வைத்திருப்பதும்.

அதன் பிறகு பக்கத்து வயலில் நெல் மூட்டையோடு இறங்கிய லோடு வண்டியை இழுக்க நேர்ந்தது. மூட்டையை இறக்கச் சொன்னேன், சக்கரத்தைச் சுற்றி வெட்டினோம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைப் பெல்ட் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் அனுப்பினோம். பெல்ட்டில் இரண்டு மீட்டர் தளர்வு விட்டு, முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தைச் சற்றுத் தாண்டி ஓட்டினேன். வண்டி அசைந்து நின்றது. நைலான் சூடு தணியச் சில நிமிடம் விட்டு அடுத்த இழுப்பில் கரையேறியது.

அங்கிருந்து அந்த வண்டியைப் பட்டறை வரை சாலையில் இழுத்துப் போக வேண்டியிருந்தது, அதற்கு வேறு பெல்ட் எடுத்தேன். சாலையில் இழுக்கும்போது இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி, 9 மீட்டர் பெல்ட் அதற்கு ஆகாது. அதோடு நீளும் பெல்ட்டில் பின்வண்டி பிரேக் போடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும்.

வீட்டுக்கு வந்ததும் நைலான் பெல்ட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் போட்டேன். உள்ளே தங்கும் மணல் ஒவ்வொரு இழுப்பிலும் நூலை அறுக்கும், ஈர நைலானுக்குப் பலமும் குறைவு. போல்ட்டுகளில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் பைப் துண்டு வைத்த போல்ட் மட்டும் சிறிது திரும்பிப் பிடித்தது, பெயின்ட் படிந்திருந்த இடம் அமுங்கியிருக்கும். அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அந்தத் தகட்டைக் கழற்றி, பைப் முகம் படும் இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மாட்டும் வேலை பாக்கி இருக்கிறது.